ஈயக்கா கேட்காமல் விட்ட கேள்வி

அந்த மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் அவளை எல்லோரும் ஈயக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள்; போகப் போக முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தையோ கிழவரோ, கையைப் படமெடுக்க வந்தவரோ காலைப் படமெடுக்க வந்தவரோ, யாராக இருந்தாலும் இடுப்பில் ஈயக் கவசத்தைப் போர்த்தாமல் அவள் பொத்தானைத் தொட மாட்டாள். கனமான அந்தப் பச்சை விரிப்பைத் தூக்கித் தூக்கியே இருபத்தாறு வருஷத்தில் வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது.

வேலையில் அவள் படுசுத்தம். படம் சரியாக விழாமல் திரும்ப எடுக்க நேர்ந்தால், மற்றவர்கள் திரையில் அழித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். ஈயக்கா அப்படிச் செய்ய மாட்டாள். மேசை இழுப்பறையில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருந்தாள். தேதி, உடம்பின் எந்தப் பகுதி, ஏன் திரும்ப எடுத்தேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். யாரும் அதைக் கேட்கவில்லை, யாரும் பார்ப்பதும் இல்லை. அவளுக்கு மட்டும் அது இல்லாவிட்டால் அன்றைய நாள் முடிந்த மாதிரி இருக்காது.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பெண்கள் படமெடுக்க வந்தால் மூன்று தடவை கேட்பாள்: "நாள் எதுவும் தள்ளிப்போயிருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." சிலர் முகம் சுளிப்பார்கள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி, "ஏம்மா, என் பேரனுக்கே கல்யாண வயசு" என்று சிரித்தாள். ஈயக்கா சிரிக்கவில்லை. கேட்டு, பதில் வாங்கி, படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கதவைச் சாத்தினாள்.

போன வருஷம் அந்தப் பிரிவுக்குக் கதிர்வீச்சு அளக்கும் வேலைக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். இயற்பியல் படித்தவள், முப்பது வயது. கையில் எப்போதும் ஒரு மீட்டரோடு திரிந்ததால் அவளுக்கு மீட்டரம்மா என்று பேர் விழுந்தது. வந்த சில மாதங்களிலேயே கர்ப்பமானாள். ஆறாம் மாதம் நடந்தபோதும் எந்தப் பதற்றமும் இல்லாமல் எக்ஸ்ரே அறைகளுக்குள் போய்வந்துகொண்டிருந்தாள். உடம்பில் படும் கதிர்வீச்சைக் காட்டும் ஒரு சின்னப் பட்டையை வயிற்றுப் பக்கம் குத்தியிருப்பாள், அவ்வளவுதான். ஈயக்காவுக்கு அதைக் கண்டாலே பொறுக்காது.

"நீ வெளியில இரு தாயே. என்ன அளக்கணுமோ சொல்லு, நான் அளந்து தர்றேன்" என்பாள்.

"அக்கா, நான் நிக்கிறது கண்ணாடிக்குப் பின்னால. இங்க வர்ற கதிரும் வெளியில தெருவுல இருக்கற கதிரும் ஒண்ணுதான்" என்று மீட்டரம்மா சொன்னால், "எல்லாம் படிச்சவங்க பேச்சு" என்று முணுமுணுத்தபடி அவளைக் கதவுக்கு வெளியே தள்ளிவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. நோயாளிகளுக்கு இடுப்புக் கவசம் போடும் வழக்கத்தை நிறுத்திவிடலாமா என்று வியாழன் மூன்று மணிக்கு விவாதம், பிரிவில் உள்ள அனைவரும் வரவேண்டும் என்று பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். பல ஊர்களில் பல வருஷமாக நடந்த ஆராய்ச்சிகள், கவசத்தால் நன்மை ஏதுமில்லை, சில நேரம் கெடுதல்கூட உண்டு என்று சொல்கின்றனவாம்.

ஈயக்கா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தடவையும் படித்தாள்.

"யார் மூளையில உதிச்சது இது?" என்று வரவேற்பு மேசைக்காரரைக் கேட்டாள்.

"என்னைக் கேட்டா? நான் டோக்கன் குடுக்கறவன்" என்றார் அவர்.

மூன்று நாளும் அவள் சாப்பாட்டு இடைவேளையில் யாரோடும் பேசவில்லை. ஒரு தாளில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டில் கணவர், "என்ன, பரீட்சையா?" என்று கேட்டதற்கு, "ஆமா" என்றாள்.

வியாழக்கிழமை கூட்ட அறை நிரம்பிவிட்டது. பெரிய டாக்டர் சுருக்கமாக ஆரம்பித்துவைத்தார். எலும்பு டாக்டர் முதலில் எழுந்தார். "குழந்தைங்க இடுப்புப் படத்துல எனக்கு வேண்டிய எடத்தையே கவசம் மறைச்சுடுது. ஒரு சின்ன விரிசல் இருக்கான்னு தேடறேன், அங்க வெள்ளையா ஒரு திட்டு. இது கவசமா, திரையா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

குழந்தைகள் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "நேத்து வரைக்கும் போட்டீங்க, இன்னிக்கு வேணாங்கறீங்க. பெத்தவங்க நாளைக்கு என்னை வந்து கேட்டா நான் எதை நம்பச் சொல்றது? மனசுக்கு ஒரு தைரியம் குடுக்குதுல்ல, அது போதாதா?"

அடுத்து மீட்டரம்மா எழுந்தாள். போன வாரம் இரண்டாம் அறையில் ஒரு பிளாஸ்டிக் உடலைப் படுக்கவைத்து அளந்திருந்தாள். கவசத்தை யார் போட்டால் சரியாக இருக்கும் என்று யோசித்து ஈயக்காவையே கூப்பிட்டுப் போடச் சொல்லியிருந்தாள். எதற்கு என்று தெரியாமலே ஈயக்கா அதை ஒரு விரல்கூட விலகாமல் போர்த்திக் கொடுத்திருந்தாள்.

"நெஞ்சுப் படத்துல, கவசம் போட்டாலும் போடாட்டியும் அடிவயித்துல மீட்டர் காட்டினது கிட்டத்தட்ட ஒண்ணுதான்" என்றாள் மீட்டரம்மா. "அங்க போய்ச் சேர்ற கொஞ்சநஞ்சமும் உடம்புக்குள்ளயே சிதறிப் போறது. வெளியில போர்த்தி அதைத் தடுக்க முடியாது. இடுப்புப் படத்துல இன்னும் மோசம். கவசம் கொஞ்சம் நகர்ந்து சென்சார் மேல விழுந்துட்டா, வெளிச்சம் பத்தலைன்னு மெஷின் நெனச்சுக்கிட்டு தானாவே கதிரைக் கூட்டி அடிக்குது. காப்பாத்தப் போட்டதே அதிகமாக்கிடுது."

ஈயக்காவுக்குக் காது சூடேறியது. குறிப்புத் தாளோடு எழுந்தாள்.

"நான் படிச்சவ இல்ல, எடுக்கறவ. ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வெச்சு இருபத்தாறு வருஷத்தை அழிக்க வேண்டாம். அளவு கொஞ்சமோ நெறையவோ, தடுக்க முடிஞ்சதைத் தடுக்கணும். ஒருத்தருக்கு ஏதாவது ஆயிட்டா உங்க மீட்டரா போய்ப் பதில் சொல்லும்? நான் சும்மா சொல்லல. எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன். யார் வேணும்னாலும் படிச்சுப் பாக்கலாம்." கையோடு கொண்டுவந்திருந்த நீல நோட்டை மேசைமேல் வைத்தாள்.

தான் எவ்வளவு கவனமாக வேலை செய்கிறேன் என்பதற்குச் சாட்சியாகத்தான் வைத்தாள். மீட்டரம்மா, "படிக்கலாமா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் முகம் மாறியது. தயங்கி ஈயக்காவைப் பார்த்தாள்.

"சத்தமாவே படி. எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்ல."

மீட்டரம்மா படித்தாள். "இடுப்பு, குழந்தை, கவசம் நகர்ந்தது, மறுபடி. இடுப்பு, குழந்தை அழுது புரண்டதில் கவசம் மறைத்தது, மறுபடி. தொடை எலும்பு, கவசம் மறைத்தது, மறுபடி." பெரிய டாக்டர் நோட்டை வாங்கிப் பென்சிலால் எண்ணினார். இரண்டு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் திரும்ப எடுக்கப்பட்டிருந்தன. அதில் நாற்பத்தேழுக்குக் காரணம் கவசம்.

"இந்த நாற்பத்தேழு பேரும் ஒரு தடவைக்குப் பதிலா ரெண்டு தடவை வாங்கிட்டுப் போயிருக்காங்க" என்றார், குரலை உயர்த்தாமல். "இந்தக் கட்டடத்துல இதை எழுதி வெச்சது நீங்க ஒருத்தர்தாம்மா. நீங்க எழுதலேன்னா எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது."

பாராட்டாகத்தான் சொன்னார். அது அவள் காதில் அப்படி விழவில்லை. "அப்ப இத்தனை வருஷம் நான் பண்ணது என்ன?" என்று கேட்டாள்.

"அன்னிக்குத் தெரிஞ்சதை வெச்சு சரியாப் பண்ணீங்க. நாங்கதானே போடச் சொன்னோம்?"

முடிவைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். அவரவர் கருத்தை எழுதித் தரவேண்டும் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்கள்.

ஈயக்கா இரண்டாம் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு இனி யாரும் காத்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மீட்டரம்மா நோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

"கோபமா அக்கா?"

"உன் மேல என்ன கோபம். என் கையெழுத்தைத்தானே படிச்சே."

மீட்டரம்மா நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். வயிற்றைத் தாங்கியபடி எதிர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க கூட்டத்துல பேசினப்ப, ஒருத்தருக்கு ஏதாவது ஆயிட்டான்னு சொன்னீங்க. உங்க குரலே மாறிடுச்சு. யார் அந்த ஒருத்தர்?"

இந்தக் கேள்வியை இருபது வருஷமாக யாரும் கேட்டதில்லை. ஈயக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"என் தங்கச்சி" என்று ஆரம்பித்தாள்.

தங்கைக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தையில்லாமல் இருந்தது. போகாத டாக்டர் இல்லை. ஒரு நாள் ஈரப் படியில் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதே மருத்துவமனைக்கு வந்தாள். அக்கா இருக்கும்போது வேறு யார் படமெடுப்பது? அன்றைக்கு ஈயக்கா, முன்பின் தெரியாத பெண்களிடமெல்லாம் கேட்கும் கேள்வியைத் தங்கையிடம் கேட்கவில்லை. மறந்துபோகவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. ஆறு வருஷமாக மாதாமாதம் அழுகிறவளிடம், நாள் தள்ளிப்போயிருக்கா என்று எப்படிக் கேட்பது, வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதா என்று விழுங்கிவிட்டாள். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியை முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்தாள். வலியில் தங்கை அசைந்ததால் பக்கவாட்டுப் படத்தை இன்னொரு தடவையும் எடுத்தாள். பதினைந்து நாள் கழித்துத் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டு, சிரிப்பும் அழுகையுமாக விஷயத்தைச் சொன்னாள். கணக்குப் பார்த்தால் படமெடுத்த அன்று குழந்தை வயிற்றில் இருந்திருக்கிறது.

"அவ குதிக்கறா, எனக்கு அந்த மூணு படம்தான் கண்ணு முன்னால நிக்குது. சந்தோஷம்டின்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. பொண்ணு பொறந்தப்ப கைவிரல் கால்விரலெல்லாம் நான்தான் மொதல்ல எண்ணினேன். ஜுரம் வந்தா எனக்குத் தூக்கம் போயிடும். வருஷா வருஷம் ஏதாவது சாக்குச் சொல்லிக் கூட்டிட்டு வந்து ரத்தப் பரிசோதனை பண்ணிடுவேன். இப்ப அவளுக்குப் பத்தொன்பது வயசு. இன்னி வரைக்கும் அவகிட்ட எந்தக் குறையும் இல்ல. ஆனா என்னிக்கு என்ன வருமோன்னு..."

"யார்கிட்டயும் கேக்கலையா?"

"யார்கிட்டக் கேக்கறது? கேட்டா, நீ ஏன் அவகிட்ட மொதல்ல கேக்கலேன்னு கேப்பாங்கல்ல. ஒரு புத்தகத்துல, எவ்வளவு கொஞ்சமா இருந்தாலும் நல்லதில்லைன்னு ஒரு வரி இருந்துச்சு. அதோட மூடி வெச்சுட்டேன்."

மீட்டரம்மா ஒரு தாளையும் பேனாவையும் இழுத்துக்கொண்டாள். "அந்தப் பழைய மெஷின்ல என்ன அளவு வெச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

ஈயக்காவுக்கு அது மறந்தால்தானே. மூன்று படங்களுக்கும் வைத்த எண்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். தங்கை அன்றைக்கு எவ்வளவு ஒல்லி என்பதையும், மெஷின் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதையும் சொன்னாள். மீட்டரம்மா எழுதினாள், அலைபேசியில் ஏதோ அட்டவணையைப் பார்த்தாள், அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். கால் மணி நேரம் ஆனது. ஈயக்கா அவள் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கறதுலயே மோசமா வெச்சுக் கணக்குப் போட்டாலும் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்த கதிர்வீச்சு அஞ்சு மில்லிகிரே. நெஜத்துல மூணு, நாலுதான் இருக்கும்."

"அது அதிகமா?"

"குழந்தை ஊனமா பொறக்குமோ, மூளை பாதிக்குமோன்னு யோசிக்கற பேச்சே நூறு மில்லிகிரேவைத் தொட்டாத்தான் வரும் அக்கா. இது அதுல இருபதுல ஒரு பங்கு."

"புத்துநோய்?"

மீட்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "பூஜ்யம்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். எக்ஸ்ரேவே படாத குழந்தைங்கள்ல ஆயிரத்துல ரெண்டு பேருக்குச் சின்ன வயசுல வரும். இவ்வளவு பட்ட குழந்தைங்களையும் ஆயிரம் பேரை எடுத்தா அந்த ரெண்டு மூணாக்கூட ஆகாது. அது குழந்தைப் பருவத்துக் கணக்கு. உங்க பொண்ணு அந்தப் பருவத்தைத் தாண்டிட்டா."

ஈயக்கா தாளை எடுத்துக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். பெருக்கலைத் தானே ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணு சொல்லட்டுமா?" என்றாள் மீட்டரம்மா. "அன்னிக்கு நீங்க கவசம் போட்டிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. எந்த எடத்தைப் படமெடுக்கணுமோ அந்த எடத்துலதான் குழந்தை இருந்தா."

ஈயக்கா நிமிர்ந்து, சுவரில் மாட்டியிருந்த பச்சை விரிப்புகளைப் பார்த்தாள். பெரியது இரண்டு, நடுத்தரம் ஒன்று, குழந்தைகளுக்கானது ஒன்று. அன்றைக்குப் பிறகு எத்தனை ஆயிரம் பேருக்கு அதைப் போர்த்தியிருப்பாள். மூக்கைச் சிந்திவிட்டு, "இந்தத் தாளை நான் வெச்சுக்கவா?" என்று கேட்டாள்.

தங்கையின் வீடு இரண்டு நிறுத்தம் தள்ளி, மூன்றாம் மாடியில். சாயங்காலம் அவள் போனபோது தங்கை துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே குளித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம? முகமெல்லாம் வீங்கியிருக்கு, மாமாவோட சண்டையா?"

"அந்த மனுஷனோட எங்க சண்டை போடறது. நீ இஸ்திரிப் பெட்டியை அணைச்சுட்டு உக்காரு."

தங்கை பயந்துபோய் உட்கார்ந்தாள். ஈயக்கா கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். படியில் விழுந்ததையும், கேட்காமல் விட்டதையும், மூன்று படங்களையும், இருபது வருஷத்தையும். "உன்கிட்ட மறைச்சுட்டேன்டி. இன்னிக்குத்தான் ஒருத்தி கணக்குப் போட்டுச் சொன்னா, பயப்பட ஒண்ணுமில்லைன்னு."

தங்கை வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தாள். "இதுக்கா?"

"என்ன இதுக்கா?"

"நான் உனக்கு ஃபோன் பண்ணின மறுநாளே பிரசவ டாக்டர்கிட்ட இதைக் கேட்டுட்டேனே. அவங்க என் பேரைச் சொல்லாம உங்க பெரிய டாக்டர்கிட்டப் பேசிட்டு, சின்ன அளவுதான், ஒண்ணும் ஆகாது, போய் நல்லாச் சாப்பிடுன்னு சொல்லி அனுப்பினாங்க. நான் அன்னிக்கே மறந்துட்டேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உன்கிட்ட என்னத்தைச் சொல்றது? நீதானே அந்த வேலை பாக்கறவ. உனக்குத் தெரியாததா? அதுவுமில்லாம, நீ எடுத்த படத்துக்கு நான் இன்னொரு டாக்டர்கிட்டப் போய்ச் சந்தேகம் கேட்டேன்னா நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பே."

"இருபது வருஷம். இருபது வருஷம்டி, பாவி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா?"

ஈயக்காவுக்கு அடிக்கலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. முதலில் தோளில் ஒரு அடி போட்டாள். பிறகு அதே தோளில் சாய்ந்து அழுதாள். தங்கைக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அவளும் அழுதாள். ஈரத் தலையோடு மகள் வந்து வாசலில் நின்றாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"உனக்குத்தான். ஒண்ணும் ஆகலையாம்" என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீ வயித்துல இருந்தப்பவே உங்க பெரியம்மா உன்னைப் படம் பிடிச்சிருக்கா."

விஷயம் புரிய மகளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஈயக்காவின் முன்னால் உட்கார்ந்தாள். "அதுக்குத்தான் வருஷா வருஷம் என்னைக் கூட்டிட்டுப் போய் ஊசி குத்தினீங்களா? ரத்தம் கம்மியா இருக்குன்னு சொன்னீங்களே பெரியம்மா, நான் எத்தனை பேரீச்சம்பழம் தின்னேன் தெரியுமா?"

"தின்னா நல்லதுதானே" என்றாள் ஈயக்கா.

"அந்தப் படத்துல நான் தெரியறேனா?"

"எள்ளு மாதிரி இருந்திருப்பே. எங்க தெரியறது."

அன்று அவள் அங்கேயே சாப்பிட்டாள். இரண்டு தடவை போட்டுக்கொண்டாள். மூன்றாம் தடவை தங்கை கரண்டியை நீட்டியபோதும் தட்டை இழுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை அவள் கொடுத்த கருத்து அரைப்பக்கம்தான். கவசத்தை நிறுத்துவதற்குச் சம்மதம் என்று முதல் வரியில் எழுதியிருந்தாள். ஆனால் பெண்களிடம் கேட்கும் கேள்வியை, சொந்தக்காரர் ஆனாலும், தெரிந்தவர் ஆனாலும், கட்டாயம் கேட்கவேண்டும். தப்பித் தவறி விட்டுப்போனால், விட்டவர் யாராக இருந்தாலும் அன்றைக்கே மீட்டரம்மாவிடம் வந்து சொல்லவேண்டும். சொன்னவரை யாரும் திட்டக்கூடாது என்றும் எழுதியிருந்தாள். பெரிய டாக்டர் கடைசி வரியின் அடியில் கோடு போட்டு, அதை அப்படியே விதிமுறையில் சேர்த்தார். பெற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று குழந்தைகள் டாக்டர் கேட்டபோது, எல்லோரும் ஈயக்கா பக்கம்தான் திரும்பினார்கள்.

முதல் வாரமே ஒரு தகப்பனார் வந்து வாதாடினார். நாலு வயதுப் பெண், நொண்டி நொண்டி நடந்தாள். "போன வருஷம் இதே எடத்துல, நீங்களேதான் போர்த்திவிட்டீங்க. இப்ப ஏன் வேணாங்கறீங்க?"

"ஆமாங்க, நான்தான் போட்டேன்" என்றாள் ஈயக்கா. "போட்டா நல்லதுன்னு நெனச்சோம். அளந்து பாத்தோம், நல்லதில்லைன்னு தெரிஞ்சுது. மறைச்சுதுன்னா திரும்ப எடுக்கணும், பாப்பாவுக்கு ரெண்டு மடங்கு. ஒரே தடவையில முடிச்சுடறேன். உங்களுக்கு மனசு கேக்கலேன்னா சொல்லுங்க, இன்னும் பத்து நிமிஷம் உக்காந்து பேசலாம். எனக்கு அவசரம் இல்ல."

அவர் மகளைப் பார்த்தார், ஈயக்காவைப் பார்த்தார். "உங்க குழந்தையா இருந்தா?"

"என் குழந்தையா இருந்தாலும் இப்படித்தான் எடுப்பேன்."

அவர் தலையசைத்தார். ஈயக்கா பாப்பாவைத் தூக்கி மேசைமேல் படுக்கவைத்து, இரண்டு முழங்காலையும் நேராக்கி, கூரையில் ஒட்டியிருந்த மீன் படங்களை எண்ணச் சொன்னாள். பாப்பா ஏழு என்பதற்குள் படம் முடிந்துவிட்டது. திரையில் இடுப்பு எலும்பு முழுசாக, ஒரு மூலைகூட மறையாமல் விழுந்திருந்தது. எலும்பு டாக்டருக்கு அனுப்பிவிட்டு, அவள் கதவைத் திறந்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.